தாழ்ச்சி யாருக்கு?

நாட்றம்பள்ளி, ஆம்பூர் வட்டாரத்தில் தோல் பதனிடும் தொழிலாளி, சாதி ஒதுக்கிவைத்த வேலையைச் சுண்ணாம்புத் தொட்டியருகே குனிந்தே செய்து வருகிறார். அவரிடம் போய், "தாழ்ச்சியோடிரு, ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்கிறோம். குனிந்தவரை இன்னும் குனியச் சொல்வதா மறையுரை?

புனித தேவசகாயம் திருவிதாங்கூர் அரசுப் பணியில் உயர்ந்திருந்தவர். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். 'கடவுளே துணை' என்பது அவர் ஏற்ற பெயரின் பொருள். அத்துணையை மெய்யாகவே நம்பியதால், சாதி தந்த துணையை உதறினார். தாழ்த்தப்பட்டோரோடு வேற்றுமையின்றிப் பழகினார். 1752-இல் ஆரல்வாய்மொழியருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். மேலிருப்பவன் இறங்கி வருவதே தாழ்ச்சி. கீழிருப்பவனை அங்கேயே இருத்திவைப்பதற்கு வேறு பெயர் உண்டு.

நாம் செய்ததென்ன? அதே வடக்கன்குளத்தில், ஆலயத்துக்குள்ளேயே சாதிக்கொரு பக்கமெனச் சுவர் வைத்துத் திருப்பலி கண்டோம்! 1910-இல் அது இடிக்கப்பட்டபோது, சுவர் வேண்டுமென்று வழக்காடியவர்களும் செபமாலை உருட்டியவர்களே. கடவுளை நம்பியவருக்குச் சுவர் எதற்கு?

2022-இல் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கிடைத்ததும் பூரித்துப் போனோம். நல்லது. அன்புள்ள வாசகரே, வருகிற பங்குத் திருவிழாவன்று அத்தோல் தொழிலாளி தம் வீட்டில் உலை வைத்து அழைத்தால், நீரும் நானும் போய் உட்கார்ந்து உண்போமா?