பூங்காவின் மேல் ஒரு ஸ்டேடியம்

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகர மையத்தை ஒட்டி, மேடும் பள்ளமுமான புல்வெளியும் மரநிழலுமாகச் சுமார் 60 ஹெக்டேருக்கு விரிந்து கிடக்கிறது விக்டோரியா பூங்கா. 2032 ஒலிம்பிக்கிற்காக 63,000 பேர் அமரும் ஸ்டேடியத்தை அங்கேதான் எழுப்பப்போகிறார்கள். புதிய ஸ்டேடியம் கட்டமாட்டோம் என்று 2024 தேர்தலில் வாக்குக் கொடுத்த டேவிட் கிரிசாஃபுல்லியே, குயின்ஸ்லாந்து முதல்வரான பின் 2025 மார்ச்சில் இதை அறிவித்தார். அங்கிருந்த கோல்ஃப் மைதானத்தை 2021இல் மூடி, எல்லாரும் காலாற நடக்கும் பூங்காவாக மாற்றத் தொடங்கியிருந்தது மாநகராட்சி. அந்தக் கனவுக்குத்தான் இப்போது வேட்டு.

வெள்ளையர் வருவதற்கு வெகுகாலம் முன்பே பூர்வகுடிகள் கூடி வாழ்ந்த இடம் அது. பரம்பின் என்பது அவர்கள் வழங்கிய பெயர். மாநிலத்தின் பாரம்பரியப் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் 2025 ஜூனில் நிறைவேறிய சட்டம், ஒலிம்பிக் கட்டுமானங்களுக்குச் சுற்றுச்சூழல், பாரம்பரியம் உள்ளிட்ட 15 சட்டங்களிலிருந்து விலக்கு அளித்துவிட்டது. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

பிரிஸ்பேன் வெள்ளத்துக்குப் பழகிய ஊர். பெருமழையில் புல்சரிவு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். கான்கிரீட் அப்படியே வழிந்தோட விட்டுவிடும். பெரிய மரங்களை வெட்டிவிட்டுக் கன்று நடுவோம் என்பார்கள். அந்தக் கன்று நிழல் தர ஒரு தலைமுறை ஆகும். விளையாட்டு விழாவோ சில வாரம். கட்டத்தான் வேண்டுமென்றால், ஏற்கெனவே கட்டடம் நிற்கும் நிலத்தில் கட்டட்டும், பூங்காவை விட்டுவிடட்டும்.