சொக்லேட் மேல போடுற பழி

சொக்லேட் தின்னா வயிறு கட்டிக்கும். கொஸ்லந்தை பக்கத்துத் தோட்டங்கள்ல இதைக் கேட்காம வளர்ந்த புள்ளைங்க குறைவு. இதுல பாதி உண்மை. மீதிப் பாதியை யாரும் பேசுறதில்லை. அதைத்தான் நாங்க பேச நினைக்கிறோம்.

முதல்ல அந்தப் பாதி உண்மை. கடையில நாம வாங்குற பால் சொக்லேட்டில் பெரும்பங்கு சீனியும் கொழுப்பும்தான். கொழுப்பு, இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைக்கும். பசிக்கு அதைத் தின்னுட்டு சோறையும் கீரையையும் ஒதுக்கினா நார்ச்சத்து குறையும், மலம் இறுகும். ஆனா கொக்கோவிலேயே நார்ச்சத்து இருக்கு. 70 வீதத்துக்கு மேல கொக்கோ உள்ள கறுப்பு சொக்லேட்டில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 11 கிராம். கொக்கோத் தூளே சேராத வெள்ளை சொக்லேட்டில் கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்லை. பால் ஒத்துக்காதவங்களுக்கோ பால் சொக்லேட் வயித்தைக் கட்டுறதுக்குப் பதிலா கலக்கி விடும். அதனால எல்லா சொக்லேட்டையும் ஒரே தராசுல நிறுக்க முடியாது.

ஜேர்மனியில் 2005 இல் வெளியான ஓர் ஆய்வு, எந்த உணவு மலத்தை இறுக்குதுன்னு மக்களிடமே கேட்டது. அதிகம் பேர் சொன்னது சொக்லேட்டைத்தான். கூடவே வாழைப்பழமும் பால் கலக்காத தேநீரும் வந்தன. அது மக்கள் உணர்ந்தது மட்டுமே, நிரூபணம் இல்லை. ஆனா பாருங்க, நம்ம பிளேன்டீயும் அந்த வரிசையில இருக்கு. அதை நம்ம லயத்துல யாரும் திட்டுறதில்லை!

இனி மீதிப் பாதி. பெருங்குடலோட முக்கிய வேலைகள்ல ஒண்ணு நீரை உறிஞ்சுறது. மலம் அங்க எவ்வளவு நேரம் தங்குதோ அவ்வளவு காயும். காலையில மலைக்குப் போய் பின்னேரம் வரைக்கும் கொழுந்து பறிக்கிற நம்ம அம்மாமாருக்கு பல மலைகள்ல கக்கூசு கிடையாது. அதனால தண்ணி குடிக்கிறதைக் குறைக்கிறாங்க. வயிறு கூப்பிட்டாலும் அடக்கிக்கிறாங்க. சாப்பாடு பல நாள் கோதுமை மா ரொட்டியும் சம்பலும். பெரியவங்களுக்கு நாளைக்குக் குறைஞ்சது 25 கிராம் நார்ச்சத்து வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 100 கிராம் வெள்ளைக் கோதுமை மாவுல 3 கிராம்கூட இல்லை. தியலும நீர்வீழ்ச்சி 220 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டுற ஊர்ல, தாகத்தை அடக்கிக்கிட்டு வேலை செய்யுறாங்க.

இப்படி ஒரு வயித்துக்கு சொக்லேட்டைக் குறைன்னு மட்டும் புத்தி சொல்லுறது எங்களுக்கு நியாயமாப் படலை.

சாப்பாட்டுக்குப் பிறகு ரெண்டு துண்டு சொக்லேட் தின்னா குடி முழுகாது. வல்லாரை, முருங்கைக் கீரை, பயறு, பப்பாளி, போதிய தண்ணி இருந்தா போதும். மலத்துல ரத்தம் போனாலோ, காரணமில்லாம உடம்பு மெலிஞ்சாலோ வெட்கப்படாம டாக்டரைப் பாருங்க. கக்கூசு விசயம்னு வாயை மூடிக்கிட்டே இருந்தா நோய்தான் வளரும்.

ஆனா கீரை வாங்குறது வீட்டு வேலை, மலையில கக்கூசு கட்டுறது நிர்வாகத்தோட வேலை. சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போற தொழிற்சங்கங்கள், ஒவ்வொரு மலைக்கும் கக்கூசும் குடிதண்ணியும் வேணும்னு அதே மேசையில கேக்கணும். அவங்க கேக்குற வரைக்கும் அவங்களை நாம கேக்கணும்.