சபை இல்லாத நாளில் சரித்த உரிமை

"பாராளுமன்றம் இறைமை படைத்த மன்றம், அது எண்ணியதை எண்ணியபடி செய்யும், மாநிலங்கள் வாய்பொத்திக் கேட்பதே முறை!"

இப்படிப் பேசுவோர் பெருத்துவிட்டனர். படித்தவர்களே பேசுகின்றனர் என்பதுதான் வேதனை. லால்பேட்டைக் கடைத்தெருவிலும் இந்தப் பேச்சு நம் காதில் விழுகிறது.

கேட்டுவிட்டுத் திரும்பினால் கண்ணெதிரே வீராணம்! கடலென விரிந்த ஏரி. அதற்கும் 47.5 அடி என்று மட்டம் குறித்துள்ளனர். மிஞ்சும் நீரை வெள்ளியங்கால் ஓடையில் திறந்துவிடுகின்றனர். ஏரியை இழிவுபடுத்தவா? இல்லை, கரையோரத்துக் குடிகளைக் காக்க. ஏரிக்கு மட்டம் வேண்டும் என்னும் அதே வாய், பாராளுமன்றத்துக்கு மட்டம் எதற்கு என்று கேட்கலாமா?

எழுதிய அரசியல் சட்டம் இல்லாத இங்கிலாந்தைக் காட்டிப் பாடம் சொல்கின்றனர். இங்கே பாராளுமன்றத்தையே பெற்றெடுத்தது அரசியல் சட்டம். தாயினும் மூத்த பிள்ளை உண்டோ? ஏழாவது அட்டவணை அதிகாரத்தை மூன்று பட்டியல்களாகப் பிரித்தது: மத்தியம், மாநிலம், பொது. மூன்றிலும் சேராமல் மிஞ்சியதும் மத்திய அரசுக்கே! பங்கு பிரித்த அன்றே தராசு டில்லிப் பக்கம் சாய்ந்தது. அதுவும் போதவில்லை அவர்களுக்கு.

கல்வி மாநிலப் பட்டியலில் இருந்தது. 42ஆம் திருத்தம் அதைப் பெயர்த்தெடுத்துப் பொதுப்பட்டியலில் வைத்தது. காடும் வனவிலங்குப் பாதுகாப்பும் உடன் சென்றன. எப்போது? 1976இல், நெருக்கடி நிலையின் இருளில். எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில். பத்திரிகைகளின் வாயில் பூட்டு. திருத்தத்தை நிறைவேற்றிய மக்களவை எது? 1971இல் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஐந்தாண்டு முடிந்த பின்னும், தன் ஆயுளைத் தானே நீட்டிக்கொண்ட அவை! காலாவதியான கை, காலத்துக்கும் நிலைக்கும் சட்டத்தைத் திருத்தியது.

பட்டியலை மாற்றக் குறைந்தது பாதி மாநிலச் சட்டமன்றங்கள் ஒப்ப வேண்டும் என்கிறது 368ஆம் பிரிவு. பாதிக்கு மேல் ஒப்பின, உண்மைதான். தமிழகம் என்ன சொல்லிற்று? ஒன்றும் சொல்லவில்லை தோழர்களே! சொல்வதற்குச் சட்டமன்றமே இல்லை. 1976 ஜனவரி 31 அன்றே ஆட்சியைக் கலைத்து, மன்றத்தையும் கலைத்துவிட்டிருந்தனர். வீட்டுக்காரனை வெளியேற்றிவிட்டு வீட்டை அளந்தனர். அளவு சரியாக இருந்தது என்று இன்று நம்மிடம் கணக்குக் காட்டுகின்றனர்.

அரசியல் சட்டத்தைத் தொடவே கூடாது என்போரல்லர் நாம். 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் வகுப்புவாரி ஆணை செல்லாது என்று தீர்ப்பு வந்தபோது, பெரியாரும் தமிழகமும் எழுப்பிய கிளர்ச்சிக்குப் பின் அதே ஆண்டில் வந்ததுதான் முதல் திருத்தம். 15ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு அப்படிப் பிறந்தது. பின்தங்கியோருக்குக் கதவு திறக்கத் திருத்தியதை வரவேற்றோம், இன்றும் வரவேற்போம். வாயில்லாத வேளையில் வாய்ச்சோற்றைப் பறிக்கத் திருத்தியதையும் அதே தட்டில் வைத்து நிறுக்கச் சொல்வதைத்தான் ஏற்க மறுக்கிறோம்.

திருத்தும் அதிகாரத்துக்கும் எல்லை உண்டு என்று உச்சநீதிமன்றம் 1973 ஏப்ரல் 24 அன்று கூறியது. 13 நீதிபதிகளில் எழுவர் ஒருபுறம், அறுவர் மறுபுறம். அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கலாகாது என்பதே தீர்ப்பு. வழக்குத் தொடுத்தவரோ கேரளத்து மடாதிபதி கேசவானந்த பாரதி. மடத்து நிலத்தைக் காக்க வந்தார். நிலம் கேட்டு வந்தவர் மூலம் நாட்டுக்கு வேலி கிடைத்தது, வேடிக்கைதான்! அந்த வேலியையே பிடுங்க 42ஆம் திருத்தம் முனைந்தது. 1980இல் மினர்வா மில்ஸ் வழக்கில் அப்பகுதி வீழ்ந்தது. 1994இல் பொம்மை வழக்கு, கூட்டாட்சியும் அடிப்படைக் கட்டமைப்பே என்றது. ஆயினும் கல்வி திரும்பி வரவில்லை.

விளைவை வகுப்பறையில் காண்கிறோம். பொதுப்பட்டியலில் மத்தியச் சட்டத்தோடு மோதும் மாநிலச் சட்டம், குடியரசுத் தலைவர் ஒப்புதல் இன்றி உயிர் பிழைக்காது. 'நீட்' தேர்விலிருந்து விலக்குக் கோரி 2021இல் நம் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது, ஆளுநர் திருப்பினார், 2022இல் மீண்டும் நிறைவேற்றியது, 2025இல் ஒப்புதல் மறுக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. நம் ஏரிக்கரைச் சிறுவன் மருத்துவம் படிக்கலாமா என்பதற்கு, அவன் வாக்காளர் வீட்டார் தேர்ந்தெடுத்த மன்றம் விடை சொல்ல முடியவில்லை.

கல்வியை மீட்க வழியும் அதே 368ஆம் பிரிவில்தான் இருக்கிறது. ஈரவைகளிலும் வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கு. பின் 28 மாநிலங்களில் 14இன் ஒப்புதல். நம் ஒன்று போக, மற்றப் பதின்மூன்றின் கதவையும் தட்டப் புறப்பட்டவர் யார்?