எல்லாப் பெண்களுக்கும் என்றார் அக்னஸ். நாம் என்ன சொல்லப் போகிறோம்?

தோட்டக் கமிட்டிக் கூட்டம் எப்படி நடக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். முன்னால் மூன்று நாற்காலிகள். தலைவர், செயலாளர், பொருளாளர். மூவரும் ஆண்கள். மாதர் தலைவி என்று ஒருவர் ஓரமாக நிற்பார். மே தினத்துக்குப் பெண்களைத் திரட்டி பஸ்ஸில் ஏற்றுவது அவருடைய பொறுப்பு. துரையுடன் பேச்சுவார்த்தை என்றால் அவரை யாரும் கூப்பிடுவதில்லை. ஆனால் சங்கத்துக்கு வரும் சந்தாவில் பெரும்பங்கு கொழுந்து பறிக்கும் கைகளிலிருந்துதான் வருகிறது.

கிளைத் தேர்தல்கள் நெருங்கும் இவ்வேளையில் கண்டியில் வாழ்ந்த ஒரு பெண்மணியை நினைவுபடுத்த விரும்புகிறோம். அவர் நம்மவர் அல்லர். தொழிலாளியும் அல்லர். கண்டி நகரின் வழக்கறிஞரும் அரசியல்வாதியுமான ஜோர்ஜ் ஈ. டி சில்வாவின் மனைவி. பறங்கியர் குடும்பத்தில் 1885இல் பிறந்த அக்னஸ் நெல். இலங்கையின் முதல் பெண் கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வாவின் தாயார் என்றால் கண்டியில் பலருக்குப் புரியும். மகளின் பெயர் நிலைத்த அளவுக்குத் தாயின் பெயர் நிலைக்கவில்லை. ஆனால் நம் பாட்டிமார் தமது பெயரில் வாக்களித்த கதையில் அவருக்கு ஓர் இடம் உண்டு.

1927ஆம் ஆண்டின் இறுதியில் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. நாட்டின் அரசியல் அமைப்பை எப்படி மாற்றலாம் என்று பல தரப்பினரிடமும் சாட்சியம் கேட்டது. அப்போது ஆணிலும்கூட சொத்தும் வருமானமும் படிப்பும் உள்ள சிறு தொகையினருக்கே வாக்கு இருந்தது. பெண்ணுக்கு அறவே இல்லை. அந்த டிசம்பரில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவானது. அதன் முன்னணியில் நின்றவர் அக்னஸ் டி சில்வா. சங்கத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் வசதியான, ஆங்கிலம் படித்த குடும்பப் பெண்களே. அவர்களுடைய தூதுக்குழு ஆணைக்குழுவின் முன் சென்றபோது டொனமூர் பிரபு ஒரு கேள்வி கேட்டார். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்கிறீர்களா என்பதே கேள்வி. நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தான், எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்று பதில் சொன்னதாக அக்னஸ் பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இன்று கேட்கும்போது இது சாதாரணப் பதிலாகத் தோன்றும். அன்றைய நிலைமையைப் பாருங்கள். இலங்கை தேசிய காங்கிரஸின் தலைவர்கள் எல்லோருக்கும் வாக்கு என்பதை விரும்பவில்லை. தமிழர் தலைவராகப் போற்றப்பட்ட சேர் பொன்னம்பலம் இராமநாதன் சர்வஜன வாக்குரிமையைக் கடுமையாக எதிர்த்தார். தோட்டத் தொழிலாளிக்கு வாக்குக் கொடுத்தால் மலைநாடு தம் கையைவிட்டுப் போய்விடும் என்று கண்டிச் சிங்களத் தலைவர்கள் அஞ்சினர். அந்தக் கண்டியிலேயே வாழ்ந்தவர் அக்னஸ். படித்த பெண்களுக்கு மட்டும் கொடுங்கள் என்று சொல்லியிருந்தால் யாரும் அவரைக் குறை கூறியிருக்க மாட்டார்கள். தம் வர்க்கத்துக்கு மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வீடு திரும்பியிருக்கலாம். லயத்துப் பெண்ணை வெளியே நிறுத்திவிட்டுத் தாம் மட்டும் உள்ளே போக அவர் விரும்பவில்லை.

ஆணைக்குழு பெண்களுக்கு 30 வயதிலிருந்து வாக்கு என்று சிபாரிசு செய்தது. இறுதியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் 21 வயது என்று முடிவானது. 1931 ஜூனில் சர்வஜன வாக்குரிமையின்படி அரசாங்க சபைக்கு முதல் தேர்தல் நடந்தது. பக்கத்து இந்தியாவில் எல்லோருக்கும் வாக்குரிமை கிடைக்க 1950 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நம்மவர்களுக்கு அந்தக் கதவு முழுதாகத் திறக்கவில்லை என்பதும் உண்மை. இந்திய வம்சாவளியினர் இந்நாட்டில் நிலையாகக் குடியிருப்பவர்கள் என்று காட்ட வேண்டியிருந்தது. அப்படியிருந்தும் சுமார் ஒரு இலட்சம் பேர் பதிவாயினர். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் திருத்தச் சட்டமும் அதையும் பறித்தன. 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரும்வரை நாடற்றவர் என்ற பெயர் நம்மை விட்டு முழுமையாக நீங்கவில்லை. மற்றவர்கள் நம்மைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் எப்படி வலிக்கும் என்று நமக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

அந்த வலியை அறிந்த நாமே நம் சங்கத்துக்குள் பெண்களைக் கணக்கில் சேர்க்கிறோமா?

பெண்கள் முன்வருவதில்லை என்பது வழக்கமான பதில். அவர்களுக்குப் பேசத் தெரியாது, சட்டம் தெரியாது என்பதும் உண்டு. 1928இல் வாக்குரிமையை எதிர்த்தவர்கள் சொன்ன காரணமும் இதேதான். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, பிள்ளையைப் பிள்ளைக் காமராவில் விட்டு, பிரட்டுக்குப் போய், மலையேறி, மாலையில் மடுவத்தில் கொழுந்து நிறுத்துவிட்டு வருபவளிடம் இரவு ஏழு மணிக்குக் கூட்டம் என்றால் அவள் எப்படி வருவாள்? அந்த நேரத்தில் அவள் சமைக்காவிட்டால் கூட்டத்துக்குப் போன தலைவர் வீடு திரும்பி எதைச் சாப்பிடுவார்?

நிறுவையில் கிலோ வெட்டுவதும், அரைப்பேர் போடுவதும் முதலில் அவளைத்தான் தாக்குகின்றன. மலையில் மலசலகூடம் இல்லை என்பது அவளுடைய பிரச்சினை. ஆனால் அவற்றைப் பற்றித் துரையிடம் பேசப் போவது ஒருநாளும் கொழுந்துக் கூடை சுமக்காதவர். தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் 1984இல்தான் வந்தது. சமமான வாக்கு வந்து 53 ஆண்டுகளுக்குப் பிறகு! பேச்சுவார்த்தை மேசையில் பெண்கள் இருந்திருந்தால் இவ்வளவு காலம் எடுத்திருக்குமா என்பதை ஒவ்வொரு கிளையும் யோசிக்க வேண்டும்.

பெண்களால் முடியாது என்பதற்கு நம் வரலாற்றில் ஆதாரம் இல்லை. 1930களில் கோ. நடேசய்யரோடு தோட்டம் தோட்டமாகச் சென்று, பாட்டாலும் பேச்சாலும் தொழிலாளரைத் திரட்டியவர் மீனாட்சி அம்மாள். நம் காலத்தில் செங்கொடிச் சங்கத்தின் பொதுச் செயலாளராக மேனகா கந்தசாமி பணியாற்றியிருக்கிறார். வேறு சங்கம் என்பதற்காக அதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல.

எனவே வரப்போகும் கிளைத் தேர்தல்களுக்கு நாம் முன்வைப்பவை இவை. தோட்டக் கமிட்டியில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூன்றில் ஒன்றாவது பெண்ணுக்கு. மாதர் தலைவி பதவியை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பெண்கள் வரக்கூடிய நேரத்தில் கூட்டம் நடக்க வேண்டும். துரையுடனான எந்தப் பேச்சுவார்த்தையிலும் கொழுந்து பறிக்கும் ஒருவராவது இருக்க வேண்டும். உள்ளூராட்சித் தேர்தல் சட்டத்தில் 2016ஆம் ஆண்டின் திருத்தம் பெண்களுக்கு 25 வீத இடத்தை ஒதுக்கியிருக்கிறது. கடைசி நேரத்தில் யாராவது ஒருவரின் மனைவி பெயரை எழுதி அந்த இடத்தை நிரப்பாமல், கமிட்டியில் பழகிய பெண்களை நிறுத்த வேண்டும்.

இதனால் சில தோழர்கள் நாற்காலியை விட்டுக் கொடுக்க நேரிடும். நீண்ட காலம் உழைத்தவர்களுக்கு அது கசப்பாக இருக்கும் என்பதை நாம் அறிவோம். ஆனால் அவர்களுடைய அனுபவம் வீணாகாது. புதிதாக வரும் சகோதரிக்குச் சட்டமும் பேச்சுவார்த்தை முறையும் சொல்லிக் கொடுக்க அவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அக்னஸ் டி சில்வா 1961இல் காலமானார். தோட்டப் பெண்களின் வாக்கு தேவையில்லை என்று சொல்லி எளிதாகத் தப்பித்துக்கொள்ளும் வாய்ப்பு அவருக்கு இருந்தது, அவர் தப்பித்துக்கொள்ளவில்லை. அதே கேள்வி இப்போது நம் கிளைகளின் முன் வந்திருக்கிறது. நமது பதில் அவருடையதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது.