இணையத்தில் தமிழ் இருக்கிறது. தோட்டப் பள்ளி எங்கே?



“இணையத்தில் தமிழுக்கு என்ன இருக்கிறது? எல்லாம் ஆங்கிலந்தானே!” என்று சொல்லும் பெற்றோரைக் குனோங் ராபாட்டில் இன்றும் சந்திக்கிறேன். இக்கூற்று கால் நூற்றாண்டுக்கு முன்பே பொய்த்துவிட்டது. 1998ஆம் ஆண்டு பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கப்பட்டது. அதனைத் தொடங்கிய முனைவர் கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய வேதியியல் அறிஞர். தமிழாசிரியர் அல்லர் என்பதை நாம் சற்று வெட்கத்துடன் நினைவிற்கொள்ள வேண்டும். பல நாட்டுத் தன்னார்வலர்கள் ஊதியமின்றித் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் சங்க இலக்கியம் முதலாக எத்தனையோ நூல்களை இலவசமாக வழங்கினர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் சொல் சொல்லாகத் தேடலாம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை மறவாத ஈழத்தமிழர், 2005 முதல் ‘நூலகம்’ திட்டத்தின் வழியாகத் தம் நூல்களையும் இதழ்களையும் சிறு துண்டறிக்கைகளையும்கூட மின்வடிவில் காத்து வருகின்றனர். சிங்கப்பூர்த் தமிழர் தம் நாட்டின் பொன்விழா ஆண்டான 2015இல், ஐம்பதாண்டுக் காலத் தமிழ் இலக்கிய நூல்கள் ஏறத்தாழ 350ஐ மின்னூலாக்கி நாட்டுக்கே பரிசாக அளித்தனர்.

ஆகவே, தமிழ் இல்லை என்பதன்று என் முறையீடு. இவற்றிலெல்லாம் நம் தோட்டப்புறம் எங்கே என்பதே என் கேள்வி.

மலாயாத் தோட்டப்புறத்தின் பழைய செய்தி ஒன்று வேண்டுமென்றால், சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் தளத்தில் ‘தமிழ் முரசு’ இதழ்களைப் புரட்டுகிறோம். நம் பாட்டனாரின் வாழ்வை அண்டை வீட்டாரின் அலமாரியில் தேடும் நிலை! இத்தனைக்கும் கருவி செய்தவர்கள் நாம். ‘முரசு அஞ்சல்’ இம்மண்ணின் முத்து நெடுமாறன் உருவாக்கியது. ஆப்பிள் கணினிகளில் அவர் வடித்த தமிழ் எழுத்துருக்கள் இருக்கின்றன. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது. உலகுக்கு ஏர் செய்து கொடுத்தோம். சொந்த நிலத்தைத் தரிசாக விட்டோம்.

1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன என்று மேடைதோறும் முழங்குகிறோம். இன்று இருப்பவை ஏறத்தாழ 530. மூடப்பட்டும் இணைக்கப்பட்டும் மறைந்த பள்ளிகளின் தாள்கள் எங்கே போயின என்று எந்த மேடையிலும் எவரும் கேட்டதில்லை. நான் முன்பு பணியாற்றிய பள்ளியொன்று தோட்டத்தை விட்டு நகர்ப்புறத்துக்கு இடம் மாறியது. புதிய கட்டடத்துக்குப் பழைய அலமாரி அழகாயிராது என்றனர். பள்ளி மலர்களும் நாடக நிகழ்ச்சி நிரல்களும் விளையாட்டுப் போட்டிப் படங்களும் பழைய தாள் வாங்குபவரின் லாரியில் ஏறின. திறன்பலகை மட்டும் பஞ்சு சுற்றிப் பத்திரமாக வந்து இறங்கியது.

“படமெடுத்துப் புலனத்தில் போட்டுவிட்டோமே, ஆசிரியை!” என்பார்கள். புலனத்தில் ஏறிய படம் சுருங்கித் தெளிவிழந்து, மூன்றே நாளில் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதையுண்டுவிடும். எந்த ஆண்டு, எந்தத் தோட்டம், படத்தில் நிற்பவர் யார் என்னும் விவரம் எதுவும் அதனோடு பயணம் செய்வதில்லை. இதற்குப் பெயர் பாதுகாப்பு அன்று.

கணினியில் அச்சுக்கோத்த மலர்களின் கதி இன்னும் வேடிக்கை. 2000ஆம் ஆண்டுகளில் ஆளுக்கோர் எழுத்துருவில் தட்டச்சு செய்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீட்டு முறை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே குப்பையாய்க் கொட்டும். ஒருங்குறிக்கு மாற்றித் தரும் மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றினால்தான் தேடுபொறியின் கண்ணுக்கு அது தமிழ். பிரட்டுக்களம், ஆயாக்கொட்டகை, கிராணி போன்ற சொற்களெல்லாம் வழக்கில் வாழ்ந்தது இத்தகைய மலர்களில்தான். இன்றைய செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் கிடைக்கும் மின்னெழுத்தைக் கொண்டே தமிழ் பயில்கின்றன. நாம் கொடுக்காத சொல்லை அவை எங்கிருந்து கற்கும்?

“ஆசிரியருக்கு ஏற்கெனவே வேலைப்பளு அதிகம்” என்னும் மறுப்பை நான் மதிக்கிறேன். வருகைப்பதிவும் இணையத்தில், மதிப்பீடும் இணையத்தில் என்று இரவு பத்து மணிக்கும் தரவேற்றிக் கொண்டிருப்பவள்தான் நானும். பயிற்சிக் கல்லூரியில் மணிலா அட்டை வெட்டிப் பாடத்துணைப்பொருள் செய்யக் கற்பித்தார்கள். ஓர் ஆவணத்தைக் காக்கக் கற்பிக்கவில்லை. ஆனால், “பல்கலைக்கழகம் செய்யட்டும், அரசாங்கம் செய்யட்டும்” என்பதை ஏற்க இயலாது. பல்கலைக்கழகத்தின் கையில் அம்மலர் இல்லை. நம் அலமாரியில் கரையானோடு இருக்கிறது.

பள்ளி அலுவலகத்து நகல்பொறிகள் பலவும் மின்வருடியாகவும் இயங்கும். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து வருடி, கோப்பின் பெயரில் பள்ளியையும் ஆண்டையும் எழுதினால் பாதி வேலை முடிந்தது. இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற தளங்கள் கட்டணமின்றி ஏற்றுக்கொள்கின்றன. மாணவர் சேர்க்கைப் பதிவேடுகளை மட்டும் பொதுவில் ஏற்றாதீர்கள். அவற்றில் குடும்ப விவரங்கள் உள்ளன. தனி ஆசிரியர் எழுதிய நூலெனில், அவர் மறைந்து 50 ஆண்டு வரை நம் நாட்டில் பதிப்புரிமை உண்டு. உரியவரின் இசைவைப் பெறுங்கள்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில், குளிர்சாதனப் பெட்டி வாங்கும் தீர்மானத்துக்கு முன்னதாக இதனை விவாதத்துக்கு எடுக்கும்படி கேட்டிருக்கிறேன். எதிர்த்துப் பேச விரும்பும் பெற்றோரும் தாராளமாக வரலாம். வரும்போது, வீட்டில் அப்பா, தாத்தா படித்த பள்ளியின் மலர் ஏதேனும் இருந்தால் கையோடு எடுத்து வாருங்கள்.