பிச்சாவரத்தில் ரூம் எதற்கு?

மார்கழி நெருங்கினால் போதும், முதுநகரில் இருக்கும் என்னைப் போன்ற ஓய்வூதியக்காரர்களுக்கு சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் போன் வர ஆரம்பித்துவிடும். "பிச்சாவரத்துல தண்ணியைப் பார்த்த மாதிரி நல்ல ரூம் கிடைக்குமா? ஏசி இருக்கா, ஜெனரேட்டர் இருக்கான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்." பறவை எந்த மாதம் வரும், ஓதம் எப்போது ஏறும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

சின்னவர்களை விடுங்கள். நம் வயதுக்காரர்களே, "ஆலப்புழையைப் பாருங்க சார், நம்ம பக்கம் உருப்படியா ஒரு ரிசார்ட் உண்டா?" என்று ஆதங்கப்படுகிறார்கள். வேம்பநாட்டு ஏரியில் படகு வீடுகளின் கழிவு படுத்துகிற பாட்டை கேரளத்துப் பத்திரிகைகளே எழுதுகின்றன. அதைப் படித்த பிறகுமா இந்த ஆசை? பிச்சாவரத்தின் கரையோரத்தில் விடுதிகள் பெருகக் கூடாது என்பது என் கட்சி.

அந்தக் காடு எதை நம்பி நிற்கிறது என்று யோசியுங்கள். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, சின்னவாய்க்கால் முகத்துவாரம் வழியாக வந்து போகும் கடல் தண்ணீர்தான் அதற்கு உயிர். நம் கடற்கரையில் ஓத ஏற்றஇறக்கமே ஒரு மீட்டருக்குள்தான். அந்தச் சின்ன அசைவு தடைப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் கண்ணெதிரே பாடம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து 1970கள் வரை விறகுக்கும் மரத்துக்கும் கூப்பு கூப்பாக மொட்டையடித்தார்கள். வெயில் பட்ட மண் காய்ந்து பள்ளமாக இறங்கியது. பள்ளத்தில் ஏறிய ஓதத் தண்ணீர் திரும்ப வழியில்லாமல் தேங்கி, உப்பேறி, பிறகு அங்கே ஒரு செடி முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து மீன் முள் மாதிரி வாய்க்கால் வெட்டித் தண்ணீரை உள்ளே விட்ட பிறகுதான் கண்டல் திரும்ப வளர்ந்தது. ஒரு விடுதி என்றால் ரோடு, மண் நிரப்பிய மேடு, கார் நிறுத்த இடம், கழிவுத் தொட்டி எல்லாம் கூடவே வரும். தண்ணீர் ஓட்டத்தை மறிப்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

2004 டிசம்பர் 26 நமக்கு மறக்குமா? காட்டுக்கும் கடலுக்கும் இடையே மணல் திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால், பில்லுமேடு ஆகியவை உயிர்களைப் பறிகொடுத்தன. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பெரும்பாலும் தப்பின. அப்போது எல்லோரும் அந்தக் காட்டைக் கையெடுத்துக் கும்பிட்டோம்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2022இல் ராம்சர் பட்டியலிலும் பிச்சாவரம் ஏறிவிட்டது, ஏறத்தாழ 1,479 ஹெக்டேர். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைப்படி 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட சதுப்புக் காட்டைச் சுற்றி 50 மீட்டர் இடைவெளி விட வேண்டும். ஐம்பது மீட்டர் என்பது நம் தெருவில் நாலைந்து வீடு. அதற்கு அந்தப் பக்கம் கட்டிடம் வந்தால் வெளிச்சமும் சாக்கடையும் கோட்டைப் பார்த்து நின்றுவிடுமா? போதாததற்கு 2019ஆம் ஆண்டு அறிவிக்கை 'சூழல் சுற்றுலா' என்ற பெயரில் நடைபாதைக்கும் மரக்குடிலுக்கும் வழி விட்டிருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

ஊர்க்காரர்களுக்கு வேலை கிடைக்குமே என்பதுதான் எதிர்த்தரப்பில் நியாயமான வாதம். அதை நான் தள்ளவில்லை. ஆனால் யாருக்கு என்ன வேலை? கிள்ளைப் பக்கத்து இருளர்கள் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். வலையும் படகும் இல்லாதவர்களுக்கு அந்தச் சேறும் தண்ணீரும்தான் சொத்து. அது கெட்ட பிறகு அவர்களுக்கு விடுதியில் துடைப்பம் கொடுப்பதை வேலைவாய்ப்பு என்று நான் சொல்ல மாட்டேன். துடுப்புப் படகில் போங்கள், கிள்ளையில் சாப்பிடுங்கள், அங்கேயே மீன் வாங்குங்கள். பணம் நேராகப் போய்ச் சேரும்.

சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வரக் காரணமான தில்லை மரத்தைப் பார்க்க வேண்டுமானால் இன்று பிச்சாவரத்துக்குத்தான் போக வேண்டும். ஊர் வளர்ந்தது, மரம் போனது, பெயர் மட்டும் தங்கியது. (தில்லைப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பேரப்பிள்ளைகளைக் கிளை ஒடிக்க விடாதீர்கள்.)

ஆகவே திட்டம் போடுகிறவர்களுக்குச் சொல்கிறேன். தங்குவதைச் சிதம்பரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ரத வீதிகளிலும் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியும் எல்லாப் பட்ஜெட்டுக்கும் லாட்ஜ் உண்டு, கத்தரிக்காய் கொத்சும் கிடைக்கும். பிச்சாவரம் அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர், ஆட்டோவே போதும். முதுநகர்க்காரர்களுக்கு அதுவும் தேவையில்லை. துறைமுகம் சந்திப்பில் பாசஞ்சர் ஏறினால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை தாண்டிக் கிள்ளையில் இறங்கிவிடலாம். ஐப்பசி, கார்த்திகை வேண்டாம், நம் மாவட்டத்து வெள்ளம் தெரிந்ததுதான். தை, மாசியில் மழையும் ஓய்ந்திருக்கும், வலசை வந்த பறவைகளும் இருக்கும்.

மோட்டார் படகு அகலமான வாய்க்காலோடு சரி. கிளைகள் தலைக்கு மேல் கூடும் குறுகல் வாய்க்காலுக்குள் துடுப்புப் படகுதான் போகும். ரூமுக்குப் பதிலாகப் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் பெரிதாக இருக்கும். ஏற்றத்தில் படகு உள்ளே வரை போகும். வற்றத்தில் வேர்களும், சேற்றில் இரை தேடும் உள்ளான்களும் தெரியும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏற்றத்திலேயே போங்கள், படகு துறை மட்டத்துக்கு உயர்ந்து நிற்கும், இறங்கி ஏறுவது சுலபம்.