குடைக்கு மயங்காத ஊர்

அடுத்தவர் மனதை வளைப்பது எப்படி என்று பாடம் எடுக்கும் பாட்காஸ்ட்டுகள் இப்போது ஏராளம். அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் சியால்டினி 1984-இல் எழுதிய புத்தகம்தான் பலருக்கு வேதம். முதலில் எதையாவது இலவசமாகக் கொடு, வாங்கியவன் நன்றிக்கடன் பட்டு உன் வழிக்கு வருவான் என்கிறார்கள்.

தூத்துக்குடி இந்த வித்தையை எப்போதோ பார்த்தாகிவிட்டது. 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய பிறகு, வெள்ளைக்காரக் கம்பெனி கொழும்புக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது. கடைசியில் பயணமும் இலவசம், கையில் ஒரு குடையும் இலவசம்! அப்படியும் நம் ஜனங்கள் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறினார்கள். குடையால் முடியாததைச் சிறையால் முடித்தார்கள். 1908-இல் வ.உ.சி. கைது, 1911-இல் கம்பெனிக்கு மூடுவிழா.

மனிதன் வெறும் தூண்டில் மீன் என்பது விற்கிறவனுக்கு லாபமான பாடம். பேரப்பிள்ளைகளுக்கு நாம் குடைக் கதையைச் சொல்லுவோம்.